தாய்வீட்டின் விலை
நாஞ்சில் நாட்டு வரலாற்றுத் தொடர் – பகுதி 17

கொல்லம் ஆண்டு 1101. ஆங்கிலக் கணக்கில் 1925 ஆகஸ்டில் தொடங்கி 1926 ஆகஸ்டில் முடிந்த அந்த ஓராண்டுக்குள் நாஞ்சில் நாட்டில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்டு டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஒன்று. சென்ற பகுதியில் அதை விரிவாகப் பார்த்தோம். மற்றொன்று கூட்டமும் கொடியும் இல்லாமல் திருவனந்தபுரத்தில் நிறைவேறிய ஒரு சட்டம். நாஞ்சில் நாட்டு வேளாளர் ரெகுலேஷன், 1101ஆம் ஆண்டின் 6ஆம் எண். சேது லட்சுமி பாய் ரீஜண்டாக இருந்து திருவிதாங்கூரை ஆண்ட காலம் அது.

இன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் ஏதாவது ஓர் ஊரில், நூறு நூற்றைம்பது வருஷம் கண்ட ஒரு வீட்டின் படிப்புரையில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கினால், அந்தப் பலகைக்கு முதல் ஆணியை அடித்தது இந்தச் சட்டம்தான். அதைச் சொன்னவுடன் சட்டத்தின்மேல் பழி போடுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் வீடுகள் நின்றிருக்கும். அவற்றுக்குள் இருந்த பெண்களும் பிள்ளைகளும்தான் தெருவில் நின்றிருப்பார்கள். இந்தப் பகுதி முழுக்க நான் சொல்லப்போவது இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கதை.

நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெரும்பகுதியினர் மருமக்கள்வழி. சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். குடும்பத்தில் மூத்த ஆண் காரணவர். நெல்லும் சாவியும் வழக்கும் அவர் கையில். கேரளத்து நாயர் தறவாடுகளிலும் இதே முறைதான் என்றாலும், அங்கே பெண் திருமணத்துக்குப் பிறகும் தன் தாய்வீட்டிலேயே இருந்தாள். அவள் பிள்ளைகள் தங்களுக்கு உரிமையுள்ள கூரையின் கீழேயே வளர்ந்தார்கள். நாஞ்சில் நாட்டில் அப்படியில்லை. பெண் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் பெற்ற பிள்ளைகள் தகப்பன் வீட்டில் உண்டு உறங்கி, தகப்பன் வயலில் உழைத்து வளர்வார்கள். ஆனால் அந்த வீட்டில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. பங்குக்கு உரியவன் வேறோர் ஊரில், வேறோர் வீட்டில், மாமனின் சாவுச்செய்திக்குக் காத்திருப்பான்.

காரணவர் கண்ணை மூடினால் பதினாறு அடியந்திரம் முடியும்வரை ஊர் வாய்மூடி இருக்கும். பிறகு மருமகன் வந்து சாவிக்கொத்தைக் கேட்பான். மனைவி மக்களுக்கு ‘உகந்துடமை’ என்று ஒரு பகுதி ஒதுக்கும் வழக்கம் இருந்தது உண்மை. அது எவ்வளவு, எந்த வயல், எப்போது என்பதில் எத்தனை குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் முடி நரைத்தன என்பதை நாகர்கோவிலின் பழைய வழக்குக் கட்டுகள் சொல்லும். இருபது முப்பது வருஷம் அடுக்களைப் புகையில் வெந்த ஒருத்தி, தான் மெழுகிய தரையைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவளுக்குத் திரும்பிப்போகத் தாய்வீடு ஒன்று இருந்தது. அங்கே காரணவராக இருந்தவர் அவளுடைய அண்ணனோ மாமனோ. அவரும் தன் மனைவி மக்களுக்கு இதையேதான் செய்துகொண்டிருந்தார்.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த வழக்கத்தை உள்ளிருந்து கண்டவர். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று அவர் எழுதிய நெடும்பாட்டு 1917, 1918 வாக்கில் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த நூல். படிப்பவர் வாய்விட்டுச் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் நெஞ்சு கனக்கும். நாஞ்சில் நாட்டில் வீடு எப்படி இருந்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்கு முதலில் சோறு விழுந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நேரான ஆவணம் கிடையாது என்பது என் எண்ணம். பின்னாளில் நாஞ்சில் நாடன் எழுதிய ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’ என்ற நூலை இதனோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். கவிமணியின் பாட்டு வந்த சில ஆண்டுகளில் சட்டம் வந்தது. 1925இல் நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் வந்த சட்டங்களின் தொடர்ச்சி அது. மருமக்கள்வழி முடிவுக்கு வந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை வந்தது. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கலாம் என்றாயிற்று.

அதற்கு முன்னால் ஒரு பெரிய வீட்டை விற்பது என்பது ஏறக்குறைய நடவாத காரியம். வீடு காரணவருடையது அன்று, குடும்பத்தினுடையது. காரணவர் நிர்வாகி மட்டுமே. அவர் மனம்போல விற்றால் இளையவர்கள் வழக்குப் போட்டு விற்பனையை உடைப்பார்கள் என்ற அச்சத்தில் வாங்க வருகிறவனும் தயங்குவான். யாராலும் விற்க முடியாததால் வீடுகள் முழுசாக நின்றன. ஒரே வீட்டுக்குள் நாலு தலைமுறை மரத்தைச் சேர்த்து வைத்தன. விற்க முடியாத வீட்டில் காசு போடப் பயமில்லை; ஒரு காரணவர் தூண் வைத்தார், அடுத்தவர் மச்சு கட்டினார், அதற்கடுத்தவர் நாட்டு ஓட்டை மாற்றி மங்களூர் ஓடு போட்டார். (மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அந்த ஓடு நம் ஊர்க் கூரைகளுக்கு ஏறியபோது வீட்டின் சாயலே மாறியது.)

அப்படி ஒரு வீட்டைக் காட்டுகிறேன். பழையாற்றுக் கால் ஒன்றின் கரையில் இருக்கும் ஊர். வீட்டார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் எழுதவில்லை. விலைக்கு வந்திருக்கிற வீடு.

தெருவை ஒட்டிப் படிப்புரை. அதன் கூரையில் ஒரு பக்கம் சரிந்து, கழுக்கோல்கள் விரல்கள் போல வெளியே நீட்டிக் கிடக்கின்றன. உள்ளே முற்றம், ஐந்து கருங்கல் படி, இரு புறமும் திண்ணை. இறவாரம் நம் நெஞ்சுயரத்துக்குத் தாழ்ந்திருக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் என்று வருஷத்துக்கு இரண்டு மழை வாங்கும் நாட்டில், சாரல் சுவரைத் தொடாமல் காக்க வேறு வழியில்லை. தலைவாசல் நிலை ஒரே அயனி மரத்தில் எடுத்தது. அதன் மேல்சட்டத்தில் தாமரையும் இரு கிளியும். அந்தக் கிளிகளின் அலகு மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. உள்ளே போகிற ஒவ்வொரு குழந்தையையும் யாரோ தூக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று வீட்டு மூதாட்டி சொன்னார். பட்டாசாலையின் தரை கறுப்பு. சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய தரை. பத்மநாபபுரம் அரண்மனையில் நாம் காலணி கழற்றி நடந்து வியக்கிற அதே வேலை.

பட்டாசாலைக்குப் பின்னால் அரங்கு. சன்னல் கிடையாது. கண் பழகச் சற்று நேரம் ஆகும். பழகியதும் எதிரே நிற்பது பத்தாயம், ஆள் உயரம். முன்பக்கம் முழுதும் பலகைகள். ஒவ்வொரு பலகையும் இரு பக்கத்துப் பள்ளத்திலும் மேலிருந்து கீழே இறக்கியது. நெல் ஏற ஏற ஒவ்வொன்றாக இறக்குவார்கள், நெல் குறையக் குறைய மேலிருந்து ஒவ்வொன்றாக உருவுவார்கள். வரிசை மாறாதிருக்க ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் உளியால் கோடு வெட்டியிருக்கிறது. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. அரங்குக் கதவின் உள்பக்கத்தில் சுண்ணாம்பால் எழுதிய நெல்லின் கோட்டைக் கணக்கை இன்னும் படிக்க முடிகிறது. கன்னிப்பூ இத்தனை, கும்பப்பூ இத்தனை. ஏதோ ஒரு கும்பப்பூவோடு கணக்கு நின்றுவிட்டது.

அன்று கூட வந்திருந்த தரகர் அனுபவம் உள்ளவர். “வீட்டுக்கு வெல கெடையாது அண்ணாச்சி, கேட்டேளா. மண்ணுக்குத்தான் வெல. மரத்தைத் தனியாட்டு பேசிக்கிடலாம்” என்றார். அவர் சொன்னது சந்தையின் உண்மை. மனை சென்ட் கணக்கில் விலைபோகும். மரம் தூண், உத்தரம், நிலை, கதவு என்று தனித்தனியாக விலைபோகும். வீடு என்ற ஒன்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்த வீடுகளை இவ்வளவு எளிதாகப் பிரித்து விற்க முடிவதற்குக் காரணம் நம் தச்சர்களின் திறமை. அவர்கள் இரும்பாணியை நம்பவில்லை. உத்தரத்தின் துளைக்குள் தூணின் நாக்கு இறங்கும். கழுக்கோலைத் துளைத்து மரக்கம்பு ஓடும். மூட்டில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். கீழே தச்சுப்பட்டறையில் முழுக்கூரையையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, அடையாளம் வெட்டி, கழற்றி, மேலே ஏற்றிக் கோப்பார்கள். ஆகவே கட்டிய முறையைத் திருப்பினால் பிரிக்கலாம். பழுது வந்த கழுக்கோல் ஒன்றை மட்டும் உருவி மாற்றலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, இன்று முழு வீட்டையும் லாரியில் ஏற்ற உதவுகிறது. மர வியாபாரியின் ஆட்கள் ஓரிரு வாரத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். சுவர்தான் மிஞ்சும். மண்ணும் சுண்ணாம்புமான அந்தச் சுவருக்கு ஜேசிபி வந்தால் அரைநாள் வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. இந்த வீடுகளின் அழகைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாங்கியவர்களைப் பேசுவதில்லை. பத்தாயம் நிறைந்தது யார் உழைப்பால்? திருவிதாங்கூரில் அடிமை முறை முழுதாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதுவரை வயலோடு சேர்த்து ஆளும் விற்கப்பட்டார். தோவாளை வட்டத்தில் மலையடிவாரத்து அழகியபாண்டியபுரத்தில் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பல தலைமுறையாகக் காத்து வந்த ஓலைக்கட்டுகள் இதற்குச் சாட்சி. அவற்றைத் தேடிப்போய்ப் படித்து வெளி உலகுக்குச் சொன்னவரும் கவிமணிதான். பிற்பாடு அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாக்கினார். நிலம் விற்ற ஓலை, ஒற்றி ஓலை, தண்ணீர்த் தகராற்று ஓலை ஆகியவற்றுக்கு நடுவே ஆள் விற்ற ஓலைகளும் இருக்கின்றன. நிலத்துக்கு எழுதும் அதே நடை, அதே சாட்சிகள், அதே பணக் கணக்கு. முதல் தடவை அவற்றைப் படிக்கிற எவருக்கும் கை சற்று நின்றுவிடும்.

வீடு கட்டும் உரிமையும் எல்லாருக்கும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் சாணார் என்று அப்போது எழுதப்பட்ட நாடார்கள் ஒரு தளத்துக்குமேல் வீடு எழுப்பக்கூடாது. குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. மச்சு வீடு என்பதே ஓர் அதிகாரப் பிரகடனமாக இருந்த நாடு இது. இன்று அப்படித் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் படித்து, சம்பாதித்து, அதே மச்சு வீட்டின் முன் காரை நிறுத்தி விலை கேட்கிறார்கள். சுசீந்திரத்துத் தெருக்களில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் தொடங்கிப் பத்து ஆண்டு கழித்து, 1936 நவம்பர் 12இல், ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. பூட்டிக் கிடந்த ஒரு சமூகம் திறந்ததன் ஓர் அடையாளம் இந்த விற்பனைப் பலகை. பழைய வீடு கைமாறுவதைக் கண்ணீரோடு மட்டும் பார்க்க என்னால் முடியாததற்கு இது காரணம்.

1926க்குப் பிறகு என்ன நடந்தது? உடனே எதுவும் இடிந்துவிடவில்லை. முதலில் பாகப்பத்திரங்கள் எழுதப்பட்டன. வயல் பிரிப்பது எளிது; வரப்பு போட்டால் போதும். வீட்டைப் பிரிப்பதுதான் பாடு. பட்டாசாலைக்கு நடுவே செங்கல் சுவர் எழும்பியது. ஒரு பாதிக்குத் தலைவாசல், மறுபாதிக்குப் பின்வாசல். அரங்கு ஒருவருக்கு, மச்சு இன்னொருவருக்கு. மச்சுக்கு ஏறும் வழியோ அரங்குக்குள் இருக்கும். ஏணியை வெளியே மாற்றிச் சுவரை உடைத்தார்கள். பத்தாயத்தை விற்றுப் பணத்தைப் பங்கிட்டார்கள். சாமியறை மட்டும் பொது என்று எழுதிவைத்தார்கள். விளக்கேற்றுவது யார் என்பதற்கு முறை வைத்தார்கள்.

பிறகு வயல் சுருங்கியது. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தபின் நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் நிச்சயமாயிற்று. அந்த நெல்தான் இந்தக் கூரைகளைத் தாங்கியது. 1956 நவம்பர் 1இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆயிற்று. நெல்லின் லாபம் தேய்ந்தது. பிள்ளைகள் படித்துத் திருவனந்தபுரம், சென்னை, பம்பாய் என்று போனார்கள். ஓட்டு வீடு ஆளிருந்தால்தான் நிற்கும். வருஷந்தோறும் மழைக்கு முன் ஒருவர் மேலே ஏறி உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். ஓர் ஓடு விலகினால் முதல் மழையில் ஓட்டைத் தாங்கும் பட்டியல் நனையும், அடுத்த மழையில் கழுக்கோல் இற்றுப்போகும், அதற்குள் கரையான் சுவரேறி வந்துவிடும். பூட்டிப்போட்ட வீடு சில ஆண்டுகளே தாங்கும்.

சட்டமும் பங்காளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், 1989இல் மகள்களுக்குச் சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம். ஒவ்வொன்றும் வேண்டியிருந்தது, ஒவ்வொன்றும் நியாயம். இன்று ஒரு தாய்வீட்டை விற்கக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் துபாயில், ஒருவர் இறந்து அவர் வாரிசுகள் ஐந்து பேர். பவர் பத்திரம், விடுதலைப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் கூடிவர வருஷங்கள் ஆகும். தாய்ப்பத்திரத்தைக் கேட்டால் திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் மலையாளத்தில் எழுதியது வரும். அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஒரு முதியவரைத் தேட வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பெரும்பாலான வீடுகள் சாகின்றன. வீட்டை விற்றதைவிட விற்க முடியாமல் கிடந்ததே அதிக வீடுகளை அழித்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அரண்மனைகளுக்கும் இதே விதிதான். பத்மநாபபுரம் ஓர் அரசின் கையிலிருந்து இன்னோர் அரசின் கைக்கு முழுசாகப் போனது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபின் பாழ்பட்டிருக்க வேண்டிய அரண்மனை, கடந்த நூற்றாண்டில் பழுதுபார்க்கப்பட்டது. மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபின்னும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இன்றுவரை சுத்தமாக நிற்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. சில மைல் தள்ளி இரணியலில் வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனை நெடுங்காலம் கூரையிழந்து, செடி முளைத்துக் கிடந்தது. மரமும் கல்லும் இரண்டிலும் ஒரே தரம். பொறுப்பேற்க ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதே வேறுபாடு.

வெளியூரில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் உதவும். நியூயார்க்கில் ப்ரூக்ளின் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பழுப்பு மணற்கல் வீடுகள் தெருத்தெருவாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நம் வடிவீஸ்வரத்து அக்கிரகார வீடுகள் போன்ற அமைப்பு. அவையும் நாள்தோறும் விற்பனைக்கு வருகின்றன. 1963இல் அந்த நகரத்தின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபத்தில் 1965இல் ஒரு சட்டம் வந்தது; அந்த ஆண்டே ப்ரூக்ளின் ஹைட்ஸ் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டை யாரும் யாருக்கும் விற்கலாம். வீட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் அந்தச் சட்டப்படி செயல்படும் ஆணையத்தின் அனுமதியின்றி மாற்ற முடியாது. உரிமையாளரின் உரிமையும் தெருவின் நினைவும் ஒரே சட்டத்துக்குள் இருக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. தமிழ்நாட்டிலும் 2012இல் பாரம்பரியச் சின்ன ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. அது நாஞ்சில் நாட்டுக் கிராமத்து வீட்டின் படிப்புரைவரை வந்து சேர வேண்டும் என்பதே என் போன்றவர்களின் ஆசை.

இன்னொரு வழி, வீட்டையே எடுத்துச் செல்வது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், இடிக்கப்போகிற நிலையில் இருந்த தென்னாட்டு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். புதுப்பள்ளியிலிருந்து சென்ற சிரியன் கிறிஸ்தவ வீடும் செட்டிநாட்டு வீடும் அங்கே பக்கம்பக்கமாக நிற்கின்றன. குமரகத்து விடுதிகளில் பழைய தறவாடுகளைப் பெயர்த்து நட்டு விருந்தினரைத் தங்க வைக்கிறார்கள். ஆற்றோரத்தில் நின்ற வீடு காயலோரத்தில் நிற்பது எனக்கு முழு மனநிறைவைத் தரவில்லை. ஆயினும் தூண் ஒரு ஊரிலும் நிலை ஒரு ஊரிலும் கதவு ஓர் ஓட்டல் வரவேற்பறையில் மேசையாகவும் சிதறுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

வீட்டை விற்கப்போகிற குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விற்பது உங்கள் உரிமை. பலருக்கு அது வேறு வழியில்லாத தேவை. மர வியாபாரி வருவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி வீட்டை அளந்து வரைபடம் எடுங்கள். நாகர்கோவிலில் கட்டடக்கலை தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சொன்னால் வருவார்கள். மச்சின் மூலையிலும் பரணிலும் துணிமூட்டையில் கிடக்கும் ஓலைகளைக் குப்பையென்று எரிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடியும், 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்ப வேலைப்பாடும் தொல்பொருளாகக் கருதப்படும்; நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அழகியபாண்டியபுரத்தில் ஒரு குடும்பம் ஓலைகளைக் காத்ததால்தான் நாஞ்சில் நாட்டு நாட்டார் கூடி அரசனின் வரியை எதிர்த்து நின்ற செய்தியும், ஆள் விற்ற கொடுமையும் நமக்குத் தெரிந்தன. அப்படி இன்னும் எத்தனை மூட்டை எத்தனை மச்சில் இருக்கிறதோ.

பாகப்பத்திரங்களையும் காத்து வையுங்கள். அவற்றில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் கிணற்றைப் பற்றி ஒரு வாசகம் வரும். வீட்டை, விளையை, தென்னையை, பலாவை எல்லாம் எண்ணிப் பங்கிட்டு முடித்த பிறகு, கிணறு எல்லாருக்கும் பொது, கிணற்றுக்குப் போக இத்தனை அடி அகல நடை எல்லாரும் விட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கூரையைப் பிரிக்கச் சம்மதித்தவர்கள் தண்ணீரைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. அதே மனிதர்கள் வயலுக்குப் போனால் ஒரு மடைக்காகத் தலைமுறைக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். முதலியார் ஓலைகளில் பல அந்த வழக்குகளைப் பற்றியவைதான்.

அடுத்த பகுதியில் பழையாற்றின் மடைகளையும் அந்த வழக்குகளையும் பார்ப்போம்.